அழாத பிள்ளைக்குக் காகிதப் பூ

கண் விழித்ததும் தர்ஷினி அழுதாள். அந்த அழுகைக்காகத்தான் நாங்கள் மத்தியானத்திலிருந்து அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் காத்துக் கிடந்தோம். குளுக்கோஸ் பாட்டிலைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நர்ஸ்கூட "அப்பாடி" என்றார். ஆனால் அவளுடைய அம்மா செல்வி சட்டென்று குனிந்து மகளின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். பொத்தியபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தம் போடாத. அக்கா நிக்காவ பாரு."

அந்த அக்கா நான்தான்.

எங்கள் மையத்தில் இனிமேல் பிள்ளைகள் அழ வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிஷத்தில்தான். கேட்க விசித்திரமாக இருக்கும். பிள்ளைகள் சிரிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், விளையாட வேண்டும் என்றுதான் நம்மைப் போன்ற அமைப்புகளின் சுவரில் எழுதியிருப்பார்கள். அழ வேண்டும் என்று எழுதி நான் எங்கேயும் பார்த்ததில்லை.

இந்த மாதம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். "அனுபவம் எழுதுற வயசாட்டி ஒனக்கு? தலையில ஒரு முடியாவது நரைக்கட்டும்" என்று மையத்தில் என்னோடு வேலை பார்க்கும் பொன்னுத்தாய் அக்கா கேலி செய்கிறார். நரைக்கும்வரை காத்திருந்தால் மறந்துவிடுவேன், இல்லையென்றால் எனக்குத் தோதாக மாற்றிச் சொல்லப் பழகிவிடுவேன். அதிர்ச்சி எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வேலை பார்க்கப்போகும் மையம் விளாத்திகுளம் ரோட்டில், பருத்திக்காட்டு ஓரத்தில் இருக்கிறது. ஒரே கூடம், ஒரு சமையல் அறை, வாசலில் ஒரு வேம்பு. நடக்கத் தொடங்கியதிலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் வருகிறார்கள். அம்மாக்கள் எல்லாரும் தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தொழிற்சாலையில், பெட்டி அடைப்பவர்கள், பெட்டிகளில் குச்சிகளை நிரப்புகிறவர்கள். காலையில் பிள்ளையை விட்டுவிட்டு வாசலிலேயே வேன் ஏறுவார்கள், பொழுது சாயும்போது அதே வேனில் வந்து இறங்குவார்கள். அங்கன்வாடி மத்தியானத்தோடு முடிந்துவிடும், தீப்பெட்டி ஆபீஸ் முடியாது. அந்த இடைவெளியில் பிள்ளை எங்கே இருக்கும் என்று ஒருவர் கவலைப்பட்டதால் ஆரம்பித்ததுதான் நம் அமைப்பு. அந்த ஒருவரை நாம் எல்லாரும் செயலாளர் அம்மா என்று கூப்பிடுகிறோம். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

நான் சேர்வதற்கு முன்பே அங்கே இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, பிள்ளை அழுது அழுது தேறவில்லை என்றால் தாய்க்குப் போன் போட்டு வரவழைத்துவிட வேண்டும். பிள்ளையை அழவிட்டு வேடிக்கை பார்க்கக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். இன்னொன்று, நாள் முழுக்க அழாமல் இருந்த பிள்ளைக்குச் சாயங்காலம் சட்டையில் ஒரு காகிதப் பூ ஒட்டிவிடுவது. தீப்பெட்டி ஆபீஸில் கழித்துப் போடும் லேபிள் பேப்பரில் பொன்னுத்தாய் அக்கா வெட்டும் பூக்கள் அவை. சிவப்பும் மஞ்சளுமாக, பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். வேனிலிருந்து இறங்கும் அம்மாக்களின் கண் முதலில் பிள்ளையின் முகத்துக்குப் போகாது, சட்டைக்குத்தான் போகும். அதை நான் தினமும் பார்த்தேன். பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

வெளியூரிலிருந்து உதவி செய்பவர்கள் வந்து பார்க்கும்போதெல்லாம் ஒரே வார்த்தைதான். "இத்தனை சின்னப் பிள்ளைங்க இருக்கிற இடம் மாதிரியே இல்லையே, என்ன அமைதி." செயலாளர் அம்மா அடக்கமாகச் சிரிப்பார். நான் அடக்கமாகக்கூடச் சிரிக்கமாட்டேன், பல்லெல்லாம் தெரியும்.

இனி அந்த நாள். சாப்பாட்டு நேரத்தில் பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம். தர்ஷினி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எழுப்பட்டுமாக்கா?"

"அவ எப்பவும் தூங்குறவதான. தங்கமான பிள்ளை. கடைசியா எழுப்பு" என்றார் பொன்னுத்தாய் அக்கா.

கடைசியாகத்தான் எழுப்பினேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், கன்னத்தைத் தட்டினேன், முகத்தில் தண்ணீர் தெளித்தேன். தூக்கியபோது தலை என் முழங்கையிலிருந்து பின்பக்கம் சரிந்து தொங்கியது. தூங்குகிற பிள்ளையின் தலைக்கு ஒரு பிடிமானம் இருக்கும். இதில் அது இல்லை. உடம்பு அனலாக இருந்தது. நெஞ்சில் கை வைத்தால் இதயம் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் பிள்ளை எங்கேயோ போய்விட்டிருந்தது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். 

ஆட்டோவில் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரை அவள் மூச்சு என் கழுத்தில் படுகிறதா என்பதைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை. பொன்னுத்தாய் அக்கா மற்ற பிள்ளைகளோடு மையத்திலேயே இருந்தபடி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன் போட்டிருக்கிறார். அங்கே தொழிலாளிகள் கையில் போன் வைத்துக்கொள்ள முடியாது, மேனேஜர் போனுக்குத்தான் போட வேண்டும். மேனேஜரே தன் பைக்கில் செல்வியை உட்காரவைத்துக் கொண்டுவந்து விட்டார். வந்து இறங்கியவளின் விரலெல்லாம் தீக்குச்சி முனையில் தடவும் மருந்தின் சிவப்பு.

டாக்டர் பிள்ளையின் கண்ணை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலய்யா" என்றாள் செல்வி.

"மருந்து, மாத்திரை, பூச்சி மருந்து, மண்ணெண்ணெய், எதாவது?"

"இல்லய்யா."

நான் புகுந்தேன். "செல்வி, உண்மையைச் சொல்லு. காலையில என்ன குடுத்த?" "ஒண்ணும் குடுக்கலக்கா." "நான் கேக்குறது உம் பிள்ளை உசிருக்காக. குடுத்தியா இல்லையா?" "இல்லக்கா." கேட்கக் கேட்க என் குரல் ஏறியது. அவள் முகம் கேட்கக் கேட்கச் சாத்திக்கொண்டே போனது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் என்னிடம், "பாட்டில் எதாவது கிடைச்சாப் போதும், எதுக்கு வைத்தியம் பாக்குறோம்னு எனக்குத் தெரியும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

நான் கேட்டுக்கொண்டிருந்தது கேள்வியே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குடுத்தியா என்று கேட்டால், ஆமாம் என்று சொன்ன அடுத்த நொடியே அவள் மகளுக்கு விஷம் கொடுத்தவள் ஆகிவிடுகிறாள். அத்தனை பேர் முன்னால் அப்படி ஆக எந்தத் தாய் வாயைத் திறப்பாள்? அவளுக்குக் கால் வைக்க நான் இடமே விடவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"செல்வி, வீட்டுச் சாவி எங்க இருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். 

"நிலைக்கு மேல."

"உள்ள போயி எங்கன பாக்கணும்?"

"அரிசி டப்பாவுக்குப் பின்னால."

அவ்வளவுதான். என்ன இருக்கிறது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொன்னுத்தாய் அக்காவுக்குப் போன் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரியைப் பிள்ளைகளோடு உட்காரவைத்துவிட்டு அவர் ஓடினார். கொஞ்ச நேரத்தில் என் போனில் படம் வந்து விழுந்தது. இரண்டு சளி மருந்து பாட்டில்கள். பிள்ளைகள் குடிக்கும் சின்ன பாட்டில் காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்தது பெரியவர்கள் குடிக்கும் மருந்து, புருஷனுக்கு எப்போதோ வாங்கியது. சின்னது தீர்ந்துபோனதால் அன்று காலையில் பெரியதிலிருந்து ஊற்றியிருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் படித்தார். திட்டவில்லை. நர்ஸிடம் என்னவோ சொன்னார், வேலைகள் வேகமாக நடந்தன. பொழுது சாய்கிற நேரத்தில் தர்ஷினி அழுதாள். செல்வி வாயைப் பொத்தினாள். அதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

நீங்கள் இங்கே நிறைய கேள்விகள் கேட்க வேண்டியிருக்கும். பிள்ளைக்கு ஏன் எடை ஏறவில்லை, கையில் ஏன் சூடு போட்ட தழும்பு, ஏன் இரண்டு நாளாக வரவில்லை. படித்துவிட்டு வந்த வேகத்தில் நமக்குப் பதில் உடனே வேண்டும். பதில் சொல்கிறவர் அதைச் சொன்ன பிறகு எங்கே நிற்பார் என்று ஒரு தடவை யோசித்துவிட்டுக் கேளுங்கள். அன்று எனக்குச் சாவி என்ற வார்த்தை வாயில் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைத்தால் வேலைக்கு வர முடியாது.

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு தாய் செய்த தப்பு என்று நானும் கதையை முடித்திருப்பேன். மறுநாள் காலை வாசலில் நின்று பிள்ளைகளை வாங்கினேன். ஒரு பையனைத் தூக்கினேன். வாயில் ஆரஞ்சு மிட்டாய் வாசம். அடுத்தவள் வாயிலும் அதே வாசம். தினமும் இருக்கும் வாசம்தான், காலையிலேயே மிட்டாய் தின்னக் கொடுக்கிறார்களே என்று அம்மாக்களிடம் செல்லமாகக் கோபித்துக்கொண்டதுகூட உண்டு. அன்றைக்குத்தான் அது சளி மருந்தின் வாசம் என்று எனக்கு உறைத்தது. மூன்றாவது பிள்ளையைத் தூக்கி வாயை முகர்ந்தேன். அதன் வாயிலும் அதே வாசம். எல்லாப் பிள்ளைகளிடமும் இல்லை. ஆனால் யார் யாரிடம் என்று பார்த்தேன். அடிக்கடி பூ வாங்குகிற பிள்ளைகள்.

கூடத்தில் பாய் விரித்து அவர்கள் ஒவ்வொருவராகச் சாய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தவர்களெல்லாம் புகழ்ந்த அந்த அமைதி அப்படியே என் முன்னால் இறங்கியது. ஒவ்வொருவர் மூக்கிலும் விரல் வைத்து மூச்சைப் பார்த்தேன். வெளியே வெயில் கரிசலைப் பிளந்துகொண்டிருந்தது.

செல்வி அதன் பிறகு வரவில்லை. பிள்ளை வீடு திரும்பிய பிறகு நான் போனேன். வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். தர்ஷினி ஒரு தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தாள், காது கிழிகிற சத்தம். இந்தப் பிள்ளையால் இவ்வளவு சத்தம் போட முடியும் என்பதே எனக்குப் புதுசு.

"வேலைக்குப் போவலையா?"

"எப்படிப் போவ? பிள்ளைய எங்க விட?"

"மையத்துலதான்."

"இனிமே எந்த மொகத்தோடக்கா கொண்டாருவேன்? ஒங்களுக்கும் கெட்ட பேரு." குடத்தை நகர்த்திவிட்டு நிமிர்ந்தாள். "வேணும்னா செஞ்சேன்? சேத்த புதுசுல ரெண்டு தடவ போன் போட்டீங்க, ஞாபகம் இருக்கா? மேனேஜரண்ணாச்சி மைக்ல கூப்பிட்டாவ. செல்வி, ஒம்பிள்ள அழுதாம், போன்னு. அத்தன பேரும் என்னியப் பாத்தாளுவ. திரும்பி வந்தா நான் பெட்டி அடைக்குத பலகைல வேற ஒருத்தி ஒக்காந்திருக்கா. பிள்ளயத் தேத்திட்டு வா, அப்புறம் பாப்போம்ட்டாவ. அப்பத்தான் வேன்ல ஒருத்தி சொன்னா, சளி மருந்துல கொஞ்சம் ஊத்து, நீ சாயந்தரம் போற வரைக்கும் சமத்தா இருக்கும்னு."

"யாரு சொன்னா?"

கேட்டிருக்கக்கூடாது. அவள் முகம் மறுபடி சாத்தப் பார்த்தது. நான் உடனே, "அத விடு, சொல்ல வேண்டாம்" என்றேன்.

"அன்னைக்குச் சாயந்தரம் எம்பிள்ள சட்டையில பூ இருந்துச்சுக்கா" என்றாள் செல்வி. "வேன் நின்ன எடத்துலயே எல்லாரும் பாத்தாளுவ. நீங்கதான் தூக்கிக் குடுத்தீங்க. செல்வி, இன்னைக்கு ஒம்மக ராணி மாதிரி இருந்தான்னு சொன்னீங்க."

நான் சொல்லியிருப்பேன். எல்லாரிடமும் சொல்கிறதுதான்.

"சரி, இனிமே போன் பண்ண மாட்டோம். அழுதா அழட்டும்" என்றேன். எனக்கு எல்லாமே வேகம்தான்.

"அழுதா அழட்டும்னா?" செல்விக்குக் கோபம் வந்தது. "நான் அங்கன ஒக்காந்து பெட்டி அடைக்கணும், எம்பிள்ள இங்கன அழுதுட்டே கெடக்கணுமா? நல்லா இருக்கே நீங்க சொல்லுத ஞாயம்."

திரும்பி வந்தேன். ஒரு விதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். அழுகிற பிள்ளைக்கு ஒரு மடி வேண்டும். அதை யோசிக்காமல் போய் நின்றிருக்கிறேன்.

மையத்தில் பெரிய சண்டை நடந்தது. பூ வெட்டும் கத்தரிக்கோலைப் பொன்னுத்தாய் அக்கா என் முன்னால் வைத்தார்.

"எம்பூவாலதான் பிள்ள சாவக் கெடந்துச்சுன்னு சொல்லுத, அப்படித்தான?"

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"சொல்லாட்டி என்ன, மொகத்துல எழுதியிருக்கே. ஏட்டி, பிள்ளைங்க எல்லாம் கத்துனா ஊருல என்ன பேசுவாக தெரியுமா? உள்ள போட்டு அடிக்காளுவன்னு பேசுவாக. ஒருத்தி வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவ? நாந்தான் இந்த ஊருல குடியிருக்கேன்."

 செயலாளர் அம்மா, செல்வி வீட்டில் கிடைத்த காலி மருந்து பாட்டிலை மேசைமேல் உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், "பிள்ளை அழறத நான் நம்ம மேல வர்ற புகார்னே நெனச்சிட்டேன்" என்றார். பிறகு, "நாளைக்கு எல்லாத் தாய்மாரையும் கூப்பிட்டு மருந்து குடுக்கக்கூடாதுன்னு சொல்லிருவோம்" என்றார்.

சொல்லலாம். சொன்னால் செல்வி பெயர் தானாக வெளியே வரும். மற்றவர்கள் ஒளித்துக் கொடுப்பார்கள், இல்லை பிள்ளையை வீட்டில் பூட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள். மைக்கில் பெயர் கூப்பிடுவது நிற்காதவரை எதுவும் நிற்காது. இதை நான் சொன்னபோது, ஆச்சரியம், பொன்னுத்தாய் அக்கா தலையாட்டினார். "அப்பம் அண்ணாச்சியப் போயிப் பாருங்க. எங்கிட்ட ஏன் கத்துதீங்க."

தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர் எங்களை நிற்கவைத்தே பேசினார். பைக்கில் கொண்டுவந்து விட்ட அதே மனிதர்.

"பிள்ளைய வளக்கதுக்கா ஆபீஸ் நடத்துதோம் தாயி? அவிய பிள்ள அழுதா அனுப்பி வைக்கேன். அதுக்கு மேல என்ன செய்ய?"

செயலாளர் அம்மா நடந்ததைச் சொன்னார். யார், எவர் என்று சொல்லவில்லை, பைக்கில் கொண்டுவிட்டவருக்குச் சொல்லவும் வேண்டாம். மற்ற பிள்ளைகளின் வாய் வாசத்தையும் சொன்னார். அண்ணாச்சி கையில் எடுத்த தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார். உள்ளே பெட்டி அடைக்கிற பலகைகள் வரிசையாகத் தெரிந்தன. அந்தப் பெண்களை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"நான் அக்கறையிலதான மைக்ல கூப்பிட்டேன்."

"நாங்களும் அக்கறையிலதான் அண்ணாச்சி போன் போட்டோம்" என்றேன்.

அவர் பிறகு என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடியே செயலாளர் அம்மாவிடம் கேட்டார்: "இப்பம் என்ன செய்யணுங்கிய?"

நாங்கள் கேட்டது இவ்வளவுதான். பிள்ளையைப் புதிதாகச் சேர்க்கும் தாய் முதல் சில நாள் மையத்திலேயே உட்கார வேண்டும், அவள் பலகையை வேறு ஆளுக்குக் கொடுக்கக்கூடாது. பிறகு கொஞ்ச நாள் சாப்பாட்டு நேரத்தில் வேன் ஒரு நடை அவளைக் கொண்டுவந்துவிட்டுக் கூட்டிப் போக வேண்டும். மைக்கில் பெயர் கூப்பிடக்கூடாது. கடைசியாகச் சொன்னதற்கு உடனே சம்மதித்தார். வேனுக்கு முனகினார். பலகைக்கு, "ஒரு ஆளுக்குச் செஞ்சு பாப்போம். ஒத்துவரலன்னா என்னியக் குத்தம் சொல்லப்பிடாது" என்றார்.

அந்த ஒரு ஆள் செல்வி. இரண்டாவது தடவை அவள் வீட்டுக்குப் போனேன். இம்முறை பேச்சைக் குறைத்து, ஏற்பாட்டை மட்டும் சொன்னேன். நீ முதலில் உடனிருப்பாய், பிறகு பொன்னுத்தாய் அக்கா மடிதான் உன் மகளுக்கு, வேறு யார் மடிக்கும் மாற்ற மாட்டோம், காய்ச்சலோ காயமோ என்றால் மட்டும் போன் வரும், அழுததற்கு வராது.

"பூ?"

"யாருக்கும் கிடையாது."

அவள் தர்ஷினியின் தலையைக் கோதினாள். "மத்தவளுவ குடுக்காளுவளே, அதுக்கு?"

"நாங்க எப்படியாவது சொல்லுதோம்."

"நீங்க சொன்னா பாடம் நடத்துதாவன்னு நெனப்பாளுவ. வீட்டுல போயி வேற மருந்து தேடுவாளுவ." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் சொல்லுதேன். எம்பிள்ள தல தொங்குனத நீங்க பாத்தீங்க. நான் பாக்கலல்லா. ஆனா அந்தக் கட்டில்ல கெடந்தத நான் பாத்தேன். அதச் சொல்லுதேன்."

"எல்லாருக்கும் தெரிஞ்சிருமே செல்வி."

"தெரியட்டும். என்னிய ஏசுவாளுவ. ஏசிட்டு அந்தப் பாட்டிலத் தூக்கிப் போட்டாப் போதும்." பிறகு என்னைப் பார்த்து, "ஆனா நீங்க பக்கத்துல நிக்காதீங்க. நீங்க நின்னா ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா" என்றாள்.

நாளை மறுநாள் திங்கட்கிழமை. வேன் வருவதற்கு முன்னால் வேம்படியில் செல்வி மற்ற அம்மாக்களிடம் பேசப் போகிறாள். நான் சமையல் அறையில் இருப்பேன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பாதிப் பேர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடலாம். அவளோடு சண்டைக்கு வரலாம். யாருமே ஒன்றும் சொல்லாமல் வேன் ஏறிப் போகவும் செய்யலாம், அதை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயம். ஒன்று மட்டும் நிச்சயம். மறுநாள் காலை மருந்து இல்லாமல் பிள்ளைகள் உள்ளே வந்தால் அந்தக் கூடம் இதுவரை கேட்காத சத்தத்தைக் கேட்கப் போகிறது. ஒன்று தொடங்கினால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். உங்களுக்குக் காது வலிக்கும். ஏதோ தப்பு செய்கிறோம் என்று தோன்றும். மிட்டாயை நீட்டலாமா, போனை எடுக்கலாமா என்று கை பரபரக்கும்.

அதனால் அன்றைக்கு நேரத்தோடு வந்துவிடுங்கள். எங்கள் மடிகள் பற்றாது, உங்களுடையதும் வேண்டும். வந்ததும் எந்தப் பிள்ளை உங்கள் மடிக்கு என்று கேட்டுக்கொண்டு கீழே உட்காருங்கள். வாசல் கதவைச் சாத்தாதீர்கள். சத்தம் கேட்டு ஊரில் யாராவது வந்து எட்டிப் பார்த்தால், வரட்டும், உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள். அவர்களிடமும் ஒரு பிள்ளையைக் கொடுக்கலாம்.